முந்திக்கொண்டு மருந்தா, பொறுத்துப் பார்ப்பதா?

27 வாரத்திலேயே ஒரு குழந்தை பிறந்துவிடுகிறது. அழுகிறது, மூச்சும் விடுகிறது. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் திணறத் தொடங்கலாம். மருத்துவர் இப்போதே மருந்தைச் செலுத்த வேண்டுமா, திணறல் வந்த பிறகு செலுத்தினால் போதுமா? இந்தக் கேள்விக்கு 20 ஆண்டு இடைவெளியில் நேரெதிரான இரண்டு விடைகள் கிடைத்தன. இரண்டுமே ஒழுங்கான ஆய்வுகளிலிருந்து வந்தவை.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் எப்போதும் ஈரம் இருக்கும். நீரின் பரப்பு இழுவிசை அவற்றின் சுவர்களை உள்ளே இழுக்கும். மூச்சு வெளியேறியதும், நனைந்த பிளாஸ்டிக் பை போல அறைகள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்பும் புரதமும் கலந்த படலம். கருவில் இது போதிய அளவு சுரக்க ஏறத்தாழ 34, 35 வாரமாகும். மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இது போதவில்லை என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். கண்டுபிடித்ததும் மருந்து வந்துவிடவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இதே நோயால் இறந்தான். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டை ஜப்பானின் ஃபுஜிவாரா 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது 1980-இல்தான்.

அடுத்து எழுந்தது, எப்போது கொடுப்பது என்ற தகராறு. மருந்து மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும்; அதற்குக் குழாய் செருக வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிரசவ அறையிலேயே கொடுத்துவிடுவது தடுப்பு முறை. நோய்க்குறி தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது மீட்பு முறை. முதல் ஆய்வுகளில் தடுப்பு முறையே வென்றது: இறப்பும் குறைந்தது, நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவதும் குறைந்தது.

பிறகு களமே மாறியது. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமடையும் என்று லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே நியூசிலாந்தில் காட்டியிருந்தார்கள். அது பரவலான வழக்கமாகவோ 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று. (மருத்துவ வரலாற்றில் மன்னிக்கக் கடினமான தாமதங்களில் ஒன்று.) மூக்கு வழியே மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து அறைகளைத் திறந்தே வைக்கும் சிபேப் முறையும் வழக்கத்துக்கு வந்தது. முதல் ஆய்வுகளின் குழந்தைகளில் பலருக்கு இந்த இரண்டுமே கிடைத்திருக்கவில்லை.

2010-இல் வெளியான சப்போர்ட் ஆய்வில் 1,316 குழந்தைகள். சிபேப்பில் தொடங்கிய பிரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு சர்ஃபாக்டன்ட் தேவைப்படவே இல்லை. இறப்பு அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற கணக்கில், பிறந்ததுமே சர்ஃபாக்டன்ட் பெற்ற பிரிவைவிட அந்தப் பிரிவு பின்தங்கவும் இல்லை. 2012-இல் காக்ரேன் தொகுப்பாய்வு இன்னும் ஒரு படி போனது: சிபேப் வழக்கமாகக் கிடைக்கும் இடங்களில் தடுப்பு முறைதான் கூடுதல் தீங்கு. குழாயும் வென்டிலேட்டரும் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்குகின்றன.

அதனால் கைகட்டி நிற்கலாம் என்று அர்த்தமில்லை. திணறல் தெரிந்தால் தாமதிக்காமல் கொடுத்தாக வேண்டும். சிபேப்பில் இருந்தும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படுவதை எல்லையாக வைக்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. ஸ்டீராய்டும் சிபேப்பும் இல்லாத மருத்துவமனைக்கு இந்தப் புதிய விடையை அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

இப்போது குழந்தை தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே, மெல்லிய ஒரு குழாயால் மருந்தை விட்டுவிட்டு உடனே உருவிவிடும் முறை வந்திருக்கிறது. வென்டிலேட்டர் வேண்டாம். குழாயின் தீங்கு இப்படிக் குறைந்துகொண்டே போனால், தோற்றுப்போன தடுப்புக் கட்சிக்கு மறுபடி உயிர் வரலாம்.