நல்ல பெயர் வேண்டுமா, அவர் நலம் வேண்டுமா?

விடுதி அறையில் ஓர் ஆய்வு

புது ஊர், புது முகங்கள், முன்பின் தெரியாத ஒருவருடன் ஒரே அறை. கல்லூரியின் முதலாண்டில் மனம் அலைபாயாமல் இருக்குமா? அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர்கள் ஜெனிஃபர் கிராக்கரும் ஏமி கேனவெல்லோவும் அப்படிப்பட்ட மாணவர்களைத்தான் தொடர்ந்து கவனித்தார்கள். பிறரோடு பழகும்போது உள்ளுக்குள் எதை நாடுகிறீர்கள் என்று அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வு இரண்டு நாட்டங்களைப் பிரித்துக் காட்டியது: என்னை உயர்வாக நினைக்க வேண்டும், என் குறை தெரியக் கூடாது என்பது ஒன்று. இவருக்கு நான் துணையாக இருக்க வேண்டும், என்னால் இவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பது மற்றொன்று.

துணையாக இருக்க நாடியவர்களுக்கு அந்தக் கல்விப் பருவத்துக்குள் சுற்றியிருப்பவர்களின் ஆதரவும், அவர்கள் மீதான நம்பிக்கையும் கூடின. தன் பெயரைக் காக்கும் நாட்டமும் கூடவே இருந்தபோது அந்தப் பலன் குறைந்துபோனது.

கவனம் எங்கே போகிறது?

நண்பர் தொலைபேசியில், “வேலை போயிடுச்சுடா” என்கிறார். “நான் அப்பவே சொன்னேனே” என்று நாம் சொன்னால், காப்பாற்றுவது நம் அறிவாளிப் பெயரை. “இந்த மாசம் வாடகைக்கு என்ன பண்ணப் போறே?” என்று கேட்டால், கவனம் அவர் மீது இருக்கிறது. நாளை நமக்கு ஒரு கஷ்டம் என்றால் அவர் யாரிடமும் கேட்காமல் வந்து நிற்பார்.

நம் பேச்சை நாமே கண்காணித்துக்கொண்டிருப்பது பெரிய அசதியைத் தரும். பெயரைக் காக்கும் நாட்டம் மனப்பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் சேர்ந்தே காணப்படுவதாக ஆய்வுகள் சொல்வதில் எனக்கு வியப்பில்லை.

தலையாட்டுவது அக்கறையாகாது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘மாட்டேன்’ என்றால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து, உடம்பு முடியாதபோதும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது அக்கறைபோலத் தெரியும். உண்மையில் அதுவும் பெயரைக் காப்பதுதான். நம் வீடுகளில் பெண்கள்மேல் இந்தச் சுமை அதிகம். தன்னையும் வருத்தாமல் மற்றவருக்கும் நல்லது செய்வதே கிராக்கர் சொல்லும் அக்கறை.

இந்த அக்கறை பிறவிக் குணமும் அல்ல. இரண்டு நாட்டங்களும் ஒரே மனிதரிடம் இருக்கும், நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வாக்குவாதம் சூடாகும்போது, ‘இப்போது எனக்கு வேண்டியது ஜெயிப்பதா?’ என்று ஒரு நொடி கேட்டுப் பாருங்கள். குரல் தானாகத் தணிவதைப் பலரும் உணர்வார்கள்.

இதையெல்லாம் தாண்டியும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.