உப்புக் காற்றில் காபன் சைக்கிள்

காபன் பிரேம் போட்ட மவுண்டன் சைக்கிள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். கல்லில் மோதினால் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும் என்பார் ஒருவர். கறளே பிடிக்காது, பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும் என்பார் இன்னொருவர். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வீதியால் தினமும் திருகோணமலை நகருக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு இந்த இரண்டு பதிலும் உதவாது. வீதிக்குக் கிட்டவே கடல் இருக்கும் அந்த இடத்தில் காபன் பிரேமின் ஆயுளைத் தீர்மானிப்பவை, அதனோடு ஒட்டியும் திருகியும் இருக்கும் சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகள்தாம்.

முதலில் நொறுங்கும் பயத்தைப் பார்த்துவிடலாம். ஒரு காபன் நாரின் தடிப்பு 5 முதல் 7 மைக்ரோமீற்றர். தலைமயிரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இத்தகைய நார்களை எபொக்சிப் பிசினில் தோய்த்து, பாரம் வரும் திசை பார்த்துப் படை படையாக அச்சில் அடுக்கி, சூட்டில் இறுக வைத்தால் பிரேம் கிடைக்கிறது. தினமும் ஓடும் சைக்கிளை உடைப்பது பெரும்பாலும் ஒரே பெரிய அடி அல்ல. பெடலை மிதிக்கும்தோறும் பள்ளத்தில் விழும்தோறும் வந்துபோகும் சிறு பாரங்கள் சேர்ந்துதான் உலோகத்தைச் சோர வைக்கின்றன. உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான பாரத்தை எத்தனை தடவை ஏற்றினாலும் அது பெரிதாகப் பொருட்படுத்தாது. அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லை கிடையாது. பாரம் சிறிதானாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் வெடிப்புத் தொடங்கும். இந்தச் சோர்வைத் தாங்குவதில் ஒழுங்காகச் செய்த காபன் பிரேம் அலுமினியத்தைவிட மேலானது. ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம், மவுண்டன் சைக்கிள் பிரேமின் பெடல்களில் 1200 நியூட்டன் விசையை, அதாவது ஏறத்தாழ 120 கிலோ பாரத்தை, மாறி மாறி 1,00,000 தடவை ஏற்றிச் சோதிக்கச் சொல்கிறது. பிரேம் காபன் என்பதற்காக அந்தச் சோதனையில் சலுகை எதுவும் இல்லை.

பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறுக்கே விழும் கூரான அடியில் உலோகக் குழாய் நெளியும். நெளிவு கண்ணுக்குத் தெரியும். காபனில் மேற்பூச்சு அப்படியே இருக்க, உள்ளே ஒரு படை மற்றப் படையை விட்டுக் கழன்றிருக்கலாம். விமானத் துறைக்கு இது பழைய தலைவலி. எடையில் பாதியளவு இத்தகைய நார்க்கலவையால் ஆன போயிங் 787 போன்ற விமானங்களில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அடிகளையும் தாங்கும் விதமாகவே பாகங்களை வடிவமைக்கிறார்கள். சந்தேகமான இடத்தில் நாணயத்தால் தட்டிப் பார்ப்பது அங்கே இன்றும் வழக்கில் இருக்கும் சோதனை. நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும், படை பிரிந்த இடத்தில் மந்தமாகும். சைக்கிளில் குழாயின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் சத்தமும் இயல்பாகவே மாறும். அதனால் இடப்பக்கக் குழாயையும் வலப்பக்கக் குழாயையும் அதே உயரத்தில் தட்டி ஒப்பிட வேண்டும்.

இனி உப்பு. காபனுக்குக் கறள் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் காபன் மின்சாரத்தைக் கடத்தும். கடல்நீர் நனைத்த இடத்தில் காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்தக் கலத்தில் கரைந்து போவது எப்போதும் அலுமினியமே. காபனின் பரப்பு பெரிதாகவும் அலுமினியம் சிறிதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். சைக்கிளில் இருப்பதும் அதே அமைப்புத்தான். தண்ணீர்ப் போத்தல் கூட்டைப் பூட்டுவதற்காகக் குழாயில் பதித்த இரண்டு அலுமினியப் புரிக்குழல்களைச் சுற்றித்தான் பெயின்ட் முதலில் கொப்புளிக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை மாவு. அந்த மாவுக்கு அலுமினியத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அலுமினியச் சீற்றுக் கம்பிக்கும் காபன் குழாய்க்கும் நடுவில் அது உருவானால் கம்பி இறுகிப்போகும். பலவந்தமாக முறுக்கும்போது பிரேமே வெடிக்கும்.

மழையில் நனையாத சைக்கிளுக்கு இது எப்படி வரும் என்று கேட்கலாம். காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் பகல் காய்ந்து கிடந்தாலும், கடலோர இரவில் அந்த அளவைத் தொடுவது பெரிய விடயமல்ல. சைக்கிளில் படிந்த உப்புத்தூள் இரவில் ஈரப்படலமாகி வேலையைத் தொடங்கும். வாடை மழையாவது உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது.

அலுமினிய மூட்டுகளில் காபன் குழாய்களை ஒட்டிச் செய்த ஆரம்பகாலப் பிரேம்கள் பல, இந்த அரிப்பினால் ஒட்டு விட்டுப் போயின. பிறகு கண்டுகொண்ட வழி, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடி நார்ப் படை ஒன்றை வைப்பது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உப்புவெளிக் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளங்கள் வருடக்கணக்காகக் கடலில் கிடந்து உழைப்பதற்கும் இது ஒரு காரணம். அவையும் நாரும் பிசினும் சேர்ந்த அதே குடும்பம்தான், ஆனால் நார் கண்ணாடி நார்.

அப்படியானால் வெடித்த சைக்கிளையும் வள்ளம் திருத்துகிறவரிடம் கொடுக்கலாமே என்று தோன்றுவது நியாயம். பழுதான ஓரத்தைச் சரிவாக உரஞ்சி, படை படையாக ஒட்டி, காற்றுக் குமிழ் நிற்காமல் பிசினை உருட்டும் அந்தக் கைப்பழக்கம் காபன் திருத்தலுக்கும் அடிப்படை. தடங்கல் பொருட்களில் இருக்கிறது. வள்ளத்துக்கு ஊற்றும் பொலியெஸ்ரர் பிசின் எபொக்சியின் மேல் சரியாகப் பிடிக்காது. வள்ளத்துப் பாயில் நார்கள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். பிரேமில் ஒவ்வொரு படைக்கும் ஒரு திசை உண்டு. எபொக்சியும் திசை கொண்ட காபன் துணியும் கையில் இருந்தால், அந்தத் தொழிலாளர்களே இதைக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமானவர்கள் என்பது என் திடமான எண்ணம்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாடு சைக்கிளின் அருமையை மறந்திருக்காது. கடற்கரை ஓரத்தில் திறந்த முற்றத்தில் சைக்கிளை விடுகிறவருக்கு, அதைக் கழற்றிப் பார்க்க நேரமும் இல்லாதவருக்கு, பெயின்ட் அடித்த உருக்குப் பிரேமையே நான் சொல்வேன். அதன் கறள் வெளியே தெரியும், உள்ளூர் வெல்டிங் கடையில் ஒட்டலாம். காபன் வாங்குகிறவர் வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை சீற்றுக் கம்பியை உருவித் துடைத்து, அதற்குரிய பசை பூசி, கம்பியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் போல்ட்டை இறுக்காமல் பூட்ட வேண்டும். பழைய காபன் சைக்கிள் வாங்கப் போனால் விலை பேசுவதற்கு முன் சீற்றுக் கம்பியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது வராவிட்டால் அந்தச் சைக்கிளை வாங்க வேண்டாம்.