எது காத்திருக்கலாம்?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பைக் கடந்தவருக்கு நெரிசலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர்கள், சந்தில் புகும் பைக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே அவசரம். அந்தச் சாலைகளின் இருபுறமும் உள்ள தொழிற்சாலைகளுக்குள் இன்னொரு நெரிசல் நடக்கிறது. அது கண்ணில் படாது, மில்லி விநாடிகளில் முடிந்தும் விடும். ஆனால் ஒரு உற்பத்தி லைனையே நிறுத்திவிடக் கூடியது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ-நிஸ்ஸானும், 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகளும் வந்தன. இத்தகைய ஆலைகளில் ரோபோவும், அதை ஆட்டுவிக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியும், தரம் பார்க்கும் கேமராவும், அலுவலகக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகத்தான்.

சராசரி மறைக்கும் உண்மை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து கேமராக்கள் ஒரே கணத்தில் படமெடுக்கின்றன. ஒவ்வொரு படமும் 1 மெகாபைட். பத்தும் சர்வருக்குப் போக 1 ஜிகாபிட் கேபிள் ஒன்றுதான் வழி. மொத்தப் படங்களும் அதில் ஏறி முடிய 80 மில்லி விநாடி ஆகும். ஸ்விட்சின் பஃபரில், அதாவது தகவல் காத்திருக்கும் தற்காலிக இடத்தில், 4 மெகாபைட்தான் இடம் என்றால், அது நிரம்பியதும் வருகிற தகவல் பாக்கெட்டுகள் கீழே விழும். நிரம்பிய வரிசையின் கடைசியில் நிற்பதற்கோ 32 மில்லி விநாடிக் காத்திருப்பு.

அந்தக் கேபிளிலேயே ஒரு ரோபோவுக்கான கட்டளை, 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை போகிறது. தொழிற்சாலைகளில் பரவலாக உள்ள ப்ரொஃபிநெட் முறையில், வழக்கமாக மூன்று சுற்றுத் தகவல் வராவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கருவி முடிவு செய்துவிடும். அதாவது 24 மில்லி விநாடி. படங்களுக்குப் பின்னால் கட்டளை மாட்டிக்கொண்டால் லைன் நிற்கும். ஆனால், அந்த மாதத்துக்கான பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்தால் கேபிளில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பியிருக்காது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு பிடிபடவே செய்யாது.

நெட்வொர்க் நெரிசல் புதிதல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், வெறும் 400 கஜ இடைவெளியில் இருந்த இரு நிறுவனங்களுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசல் தெரிந்ததும் அனுப்புபவர் வேகத்தைக் குறைக்கும் வழிமுறையை 1988-ல் வகுத்தார். இன்றைய இணையம் மூச்சு விடுவது அதனால்தான். ஆனால் ஓடுகிற ரோபோவிடம் ‘கொஞ்சம் மெதுவாகப் பேசு’ என்று சொல்ல முடியாது. அதற்கு வழிவிட மற்றவைதான் ஒதுங்க வேண்டும்.

எட்டுப் படிகள்

ஒதுங்கச் சொல்லும் ஏற்பாடு சிறியது. முன்னுரிமைக் குறியிட்ட ஒவ்வொரு தகவல் சட்டத்தின் (ஃபிரேம்) தலையிலும் மூன்று பிட் இடம் உண்டு. அதில் 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமைப் படிகள். ப்ரொஃபிநெட்டின் நிகழ்நேரத் தகவல் 6-ம் படியில் பயணிக்கிறது. ஸ்விட்ச் படியைப் பார்த்து வெவ்வேறு வரிசைகளில் நிறுத்தி, உயர்ந்த வரிசையை முதலில் அனுப்பும்.

இதில் இரண்டு ஆபத்துகள். உயர்ந்த வரிசை ஓயாமல் நிரம்பினால் கீழே நிற்பது பட்டினி கிடக்கும். அதனால் மேல் வரிசைக்கு உச்சவரம்பும், மற்றவற்றுக்கு எடைக்கேற்ற முறைவைப்பும் வேண்டும். இரண்டாவது, தன் கருவிதான் முக்கியம் என்று எல்லோரும் 7 என எழுதிக்கொள்வது. எல்லாமே முதல் என்றால் முதல் என்பதற்கே பொருளில்லை. அதனால் கருவி தன் மேல் எழுதிக்கொண்டதை ஸ்விட்ச் அப்படியே நம்பாமல், வாசலிலேயே திருத்த வேண்டும்.

இன்னும் நுட்பமான இயந்திரங்களுக்கு இதுவும் போதாது. 100 மெகாபிட் கேபிளில் 1,500 பைட் சட்டம் ஒன்று கிளம்பிவிட்டால், எவ்வளவு அவசரமானதும் சுமார் 120 மைக்ரோ விநாடி வரை காத்திருந்தே தீர வேண்டும். இதற்காக 2015-ல் நேரக் கதவுகள் கொண்ட புதிய தரம் வந்தது. ரயில் வருமுன்பே லெவல் கிராசிங் கேட்டை மூடிவிடுவதுபோல், கட்டளை வரும் நேரத்துக்கு முன்பே மற்ற வரிசைகளின் கதவை ஸ்விட்ச் சாத்திவிடும்.

2024 செப்டம்பரில் சிஸ்கோ, ஃபிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பகுதியில் நெட்வொர்க் கருவிகளின் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய கருவிகள் நம் வாசலிலேயே தயாராவது பெருமைதான். ஆனால் எது முந்த வேண்டும் என்ற முடிவைப் பெட்டிக்குள் வைத்து யாரும் விற்பதில்லை. ஐடி பிரிவு தனியாக எடுக்கக்கூடிய முடிவும் அல்ல அது. லைன் பொறுப்பாளரும் பராமரிப்புக்காரரும் கூடவே உட்கார வேண்டும். எது தாமதித்தால் லைன் நிற்கும், எது தாமதித்தால் தரம் கெடும், எது நாளைக் காலை வந்தாலும் போதும்? மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு ஸ்விட்சில் கை வைக்கட்டும்.