முறிந்த ஆணி சொல்லும் செய்தி

நுழையும்முன்

சரக்கு வண்டியின் பின்னச்சில் ஒரு மரையாணி முறிந்தால், முறிந்த துண்டை எறிந்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்டுவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. ஆனால், அத்துண்டின் முகத்தில் முறிவின் வரலாறு பதிந்திருக்கிறது. அதனைப் படிக்கும் முறையையும் படிக்கத் தவறுவதால் நேரும் கேட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிறிய ஆணி, பெரிய பொறுப்பு

காய்கறி, செங்கல், மரச்சாமான் என எதனையும் சுமந்து ஊர்தோறும் செல்லும் பிக்கப் வண்டிகளில், ஏற்றிய சுமையின் பெரும்பகுதி பின்னச்சின்மீதே அமர்கிறது. பட்டறைகளில் ‘போல்ட்’ என வழங்கும் மரையாணிகள் அங்கே இரண்டு இடங்களில் இன்றியமையாப் பணியைச் செய்கின்றன. எஃகுப் பட்டைகளை அடுக்கி அமைத்த வில்லோடு அச்சைச் சேர்த்துப் பிடிப்பவை ‘யூ போல்ட்’ எனப்படும் வளைந்த ஆணிகள். மிகுந்த பாரத்திற்கென அமைந்த வண்டிகள் பலவற்றில் இன்னொரு வகையும் உண்டு. அங்கே சக்கரத்தின் குடம், அச்சுக்கூட்டின்மேல் பொருத்திய தாங்கிகளில் சுழல்கிறது. கூட்டினுள் இருக்கும் அச்சுத்தண்டு சுமையைத் தாங்குவதில்லை. எஞ்சினின் முறுக்குவிசையைச் சக்கரத்திற்குக் கடத்துவதே அதன் வேலை. அத்தண்டின் விளிம்புத்தட்டைக் குடத்தோடு பிணைப்பவை வட்டமாக அமைந்த சில மரையாணிகளே.

யூ போல்ட்டுகள் தளர்ந்தால் அச்சு இடம்பெயரும். வண்டி நேராக ஓடாது. விளிம்புத்தட்டின் ஆணிகள் அனைத்தும் முறிந்தால் எஞ்சின் சுழன்றாலும் வண்டி நகராது. மலைப்பாதையின் இறக்கத்தில் அவ்வாறு நேர்ந்தால், வேகத்தைத் தணிக்க எஞ்சின் தரும் துணையும் அற்றுப்போகும். வண்டியில் இருப்பவர்களின் உயிரும் எதிரே வருபவர்களின் உயிரும் விரல் பருமனுள்ள சில ஆணிகளைச் சார்ந்துள்ளன.

இறுக்கமே வலிமை

மரையாணி ஒரு முளையைப்போல் குறுக்கே நின்று விசையைத் தாங்குகிறது என்றே பலரும் கருதுவர். உண்மையில் அது இழுத்துக் கட்டிய வில்லைப்போல் பணிபுரிகிறது. இறுக்கும்போது ஆணி மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஆணி தன் பழைய நிலைக்கு மீள முயலும்போது இரு தட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் பிறக்கும் உராய்வே முறுக்குவிசையைக் கடத்துகிறது. போதிய இறுக்கம் இருக்கும்வரை, மாறி மாறி வரும் விசைகளில் சிறுபங்கே ஆணியை எட்டும். இறுக்கம் குறைந்தாலோ தட்டுகள் நழுவத் தொடங்கும். வண்டி வேகமெடுக்கும்போது ஒருபுறமும் வேகம் தணியும்போது மறுபுறமும் ஆணி வளைக்கப்படும்.

உலோகச் சோர்வு

அளவு மீறிய பாரம் அச்சை முறிக்கும் என்பதைத் திருவள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டி உணர்த்தினார். அளவுக்கு உட்பட்ட விசையும் மீண்டும் மீண்டும் தாக்கினால் இரும்பை முறித்துவிடும் என்பது, 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிந்தபோதுதான் தெளிவாயிற்று. 1842 மே 8 அன்று, பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முறிந்த அச்சுகளின் முகம் படிகம்போல் சொரசொரப்பாகத் தோன்றியதால், ஓட்டத்தின் அதிர்ச்சியில் இரும்பின் இயல்பே மாறிவிடுகிறது என அக்காலத்தில் பலர் நம்பினர். 1843இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அதனை மறுத்தார். அச்சின் பருமன் திடீரென மாறும் மூலையில் நுண்ணிய விரிசல் தோன்றி, சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்வதே காரணம் என்றார். பிரஷ்ய நாட்டு ரயில்வேப் பொறியாளர் வோலர் பிற்காலத்தில் பல்லாண்டுகள் நிகழ்த்திய சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. இதனையே இன்று உலோகச் சோர்வு என்கிறோம்.

முறிந்த முகத்தைப் படித்தல்

சோர்வால் முறிந்த ஆணியின் முகத்தில் இரண்டு பகுதிகள் காணப்படும். ஒரு பகுதி வழவழப்பாக இருக்கும். கடல்நீர் வடிந்தபின் மணலில் எஞ்சும் தடங்களைப்போல அதில் வளைகோடுகள் அமைந்திருக்கும். அவ்வளைவுகள் சுருங்கிக் குவியும் இடமே விரிசல் பிறந்த இடம். மற்றப் பகுதி சொரசொரப்பானது. எஞ்சிய உலோகம் ஒரே நொடியில் அறுந்த இடம் அது. சொரசொரப்பான பகுதி சிறியதாயின், ஆணி குறைந்த விசையின்கீழ் நெடுநாள் தேய்ந்து முறிந்தது எனலாம். பெரியதாயின் விசை மிகுதியாக இருந்தது என அறியலாம். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கோடுகள் நடுநோக்கி வந்திருந்தால், ஆணி இருபுறமும் வளைக்கப்பட்டது என்பது பொருள். தளர்ந்த ஆணியில் இத்தோற்றத்தை எதிர்பார்க்கலாம்.

மிகையாக இழுக்கப்பட்டு முறிந்த ஆணி வேறுவகையானது. அது முறியுமுன் நீண்டு கழுத்துப்போல் ஒடுங்கியிருக்கும். முகம் மங்கிய நார்த்தன்மையுடன் காணப்படும். குறுக்கே வெட்டுண்ட ஆணியிலோ உலோகம் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்ததுபோல் தோன்றும்.

முதலில் முறிந்தது எது?

ஓர் ஆணி முறிந்தால் அதன் பங்கு மற்றவற்றின்மீது விழும். ஆகவே, சோர்வினால் முதல் ஆணிகள் முறிய, கடைசியில் எஞ்சியவை மிகுவிசையால் ஒரே கணத்தில் அறுகின்றன. கடைசித் துண்டை மட்டும் கண்டவர், ஓட்டுநர் அதிகப் பாரம் ஏற்றினார் என்று பழி கூறக்கூடும். எல்லாத் துண்டுகளையும் இருந்த இடத்தின் வரிசைப்படி எடுத்துவைத்து ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். தட்டுகளின் இடையே செந்நிறத் துருத்தூள், வட்டம் மாறி நீண்ட துளைகள், விளிம்பில் கசிந்த பற்சக்கர எண்ணெய் ஆகியவை தளர்ச்சிக்குச் சான்றுகள்.

தெரிந்து தெளிவோம்

மரையாணியின் தலையில் 8.8, 10.9 முதலிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 8.8 என்பதன் முதல் எண், ஆணியின் இழுவிசை வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்பதைக் குறிக்கும். அவ்வலிமையில் 0.8 பங்கு, அதாவது 640 நியூட்டன் வரை, ஆணி நிலையாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதை இரண்டாம் எண் குறிக்கும்.

காரணத்தைக் களைதல்

முறிவைக் கண்டவுடன் வலிமை மிகுந்த ஆணியைப் பூட்டினால் போதும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், அதே அளவு முறுக்கி இறுக்கினால், வலிய ஆணியும் ஏறக்குறைய அதே அழுத்தத்தையே தரும். தட்டுகள் முன்போலவே நழுவும். எனவே, தட்டுகளின் முகத்திலுள்ள வண்ணப்பூச்சு, மண், துரு ஆகியவற்றை நீக்க வேண்டும். நீண்டுபோன துளையுடைய தட்டை மாற்ற வேண்டும். முறியாதிருக்கும் ஆணிகளுள்ளும் விரிசல் மறைந்திருக்கக்கூடும். ஆதலால் அனைத்தையும் ஒருசேர மாற்றுவதே முறை. வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சினால் இறுக்கி, சிறிது தொலைவு ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

நோயின் காரணத்தை அறியாமல் தரும் மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. பட்டறையின் குப்பைக்குச் செல்லவிருக்கும் முறிந்த துண்டைக் கையிலெடுத்து ஒளியில் திருப்பிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அடுத்த முறிவு சாலையில் நிகழாமல் காக்க அச்சில நிமிடங்கள் உதவும்.