இரும்பின் இருப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதன்முறையாக வரும் கர்ப்பிணியிடம் ரத்தம் எடுக்கப்படும்போது, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடப்படுகிறது. முதல் எண் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை; இரண்டாம் எண் வரம்பைத் தாண்டினால் கர்ப்பகால நீரிழிவு, அதாவது கர்ப்பத்தின்போது முதன்முதலாகத் தெரியவரும் சர்க்கரை நோய். உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பு மிகுந்திருக்கும் பெண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் தெரிவித்திருப்பதால், நாள்தோறும் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கும் பெண்ணுக்கு அதனால் தீங்கு உண்டா என்ற ஐயம் எழுவது இயல்பே.

உணவின் வழியாக உடலுக்குள் வந்துசேரும் இரும்பை வெளியேற்றுவதற்கென்று உடலில் தனி ஏற்பாடு எதுவும் இல்லாததால், தேவைக்கு மிஞ்சியது குதிரில் கொட்டிவைத்த நெல்லைப் போல ஃபெரிட்டின் என்னும் புரதத்துக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. ரத்தத்தில் காணப்படும் ஃபெரிட்டினை அளந்து குதிரின் நிறைவைக் கணிக்கிறார்கள். குதிர் நிறைந்து வழிந்தால், புரதப் பிடியிலிருந்து விலகித் திரியும் இரும்பு, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களுக்கு அத்தாக்குதலைத் தடுக்கும் வலு குறைவு. பரம்பரையாக இரும்பு மிகுந்து சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ் நோயில் தோல் கருத்துச் சர்க்கரையும் வருவதைக் கண்ட பழைய மருத்துவர்கள் அதை வெண்கல நீரிழிவு என்றே அழைத்தனர் என்பதால், இந்த ஐயத்துக்கு வயது அதிகம்.

ஆனால் ஃபெரிட்டின் முழுக்க நம்பத்தக்க சாட்சி அன்று. உடலில் அழற்சி இருந்தாலும், உடற்பருமன் இருந்தாலும் அது உயரும். உடற்பருமனே கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆகவே, இரும்பு சர்க்கரையைக் கூட்டியதா, அல்லது பருமன் இரண்டையும் சேர்த்துக் கூட்டியதா என்பதைப் பெண்களைக் கவனித்துக் கணக்கெடுப்பதால் மட்டும் பிரித்தறிய இயலாது. இதற்காகவே ஹாங்காங்கில் 1,164 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் மறுபிரிவுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 16 வாரத்துக்கு முன்பிருந்தே கொடுத்துப் பார்த்தார்கள். 28ஆம் வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை கண்டவர்களின் விகிதத்தில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு 2009இல் வெளியானது. இந்தியாவில் 2018இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் சிவப்பு மாத்திரையில் இருக்கும் இரும்பும் அதே 60 மில்லிகிராம்தான்.

2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்போ ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலும், முந்திரிக் காடுகள் சூழ்ந்த செந்துறை, ஜெயங்கொண்டம் பகுதியிலும் மருத்துவர்கள் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் காலிக் குதிரைத்தான். அதே வேளையில், மருத்துவர் வீ. சேஷையா குழுவினர் 2008இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில், கிராமத்துக் கர்ப்பிணிகளிலும் 9.9 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. சென்னையில் அது 17.8. இரண்டு குறைகளும் ஒரே பெண்ணிடம் கூடிவரும் ஊரில், எங்கோ நிறைந்த குதிரைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது பெரும் பிழையாகும்.

சிக்கல் உண்மையில் சமையலறையில் இருக்கிறது. ரத்தம் ஊற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கொடுப்பவை பேரீச்சம்பழம், வெல்லம், கடலைமிட்டாய், இனிப்பான டானிக். அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் பேரீச்சை உண்டு. 100 கிராம் பேரீச்சையில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம், சர்க்கரையோ 60 கிராமுக்கு மேல் என்பதைச் சர்க்கரை கண்ட பெண்ணின் மாமியாருக்கும் யாராவது சொல்லியாக வேண்டும். கிராமத்தார் ரத்தம் குறைந்தவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் ஆட்டுச் சுவரொட்டியில் இரும்பு மிகுதி, சர்க்கரை இல்லை. முருங்கைக்கீரையும் கம்பும் உதவும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் அவற்றின் இரும்பு எளிதில் ஏறும். மாத்திரை விழுங்கிய கையோடு குடிக்கும் டீ, வந்த இரும்பை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சர்க்கரைப் பரிசோதனை எளியது: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்துச் சில நிமிடங்களுக்குள் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தாலும் தடையில்லை. அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் நோய் உறுதி. முதல் அரைமணிக்குள் வாந்தியெடுத்தால் மறுநாள் மீண்டும் வர வேண்டும். முதல் பரிசோதனையில் தப்பியவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை செய்யப்படுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் இங்கே நம்ப முடியாது. இரும்புக் குறையால் வரும் ரத்தசோகையில் அந்த எண் தானாகவே ஏறிக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் குறைவுக்கெல்லாம் இரும்புக் குறைதான் காரணம் என்பதும் இல்லை: தலசீமியா மரபைச் சுமப்பவருக்குக் குதிர் நிறைந்திருந்தும் எண் குறைவாக இருக்கலாம், ஆகவே மாத்திரைக்கு எண் அசையாத பெண்ணுக்கு ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது.

பிள்ளை பிறந்த பின்னும் இரும்பு மாத்திரை 180 நாட்கள் தொடர வேண்டும். சர்க்கரை இருந்தவர்களுக்கு ஆறாவது வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. குழந்தையின் பென்டாவேலன்ட் முதல் தடுப்பூசிக்கான வாரமும் அதுவே என்பதால், ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் தாய் அன்றைக்கே தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.