உங்கள் சைக்கிளே ஓர் ஆய்வுக்கூடம்

பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் உங்களில் பலருக்கு இரண்டு பொருள்கள் கைக்கு வந்து சேருகின்றன. ஒன்று, தடித்த இயற்பியல் பாடநூல். மற்றொன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தமிழக அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி. முன்னதைக் கண்டால் பலருக்கு அச்சம். பின்னதைக் கண்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முன்னதில் எழுதியிருப்பதைத்தான் பின்னது தெருவில் ஓடிக் காட்டுகிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அதன்பின் பாடத்திட்டம் பலமுறை மாறிவிட்டது. ஆயினும் விசை, உராய்வு, ஆற்றல், மீட்சிப் பண்பு, மின்காந்தத் தூண்டல் என்னும் தலைப்புகள் மட்டும் மாறாமல் நிற்கின்றன. இவை அனைத்தையும் ஒரே பொருளில் காண வேண்டுமானால் சைக்கிளைவிடச் சிறந்த கருவி கிடைப்பது அரிது.

அம்பத்தூர், ஆவடிப் பகுதி மாணவர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை அம்பத்தூரில்தான் தொடங்கின. நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள்கள் இங்கிருந்து புறப்பட்டவை. 1955-இல் எஃகுக் குழாய் செய்யும் ஆலை ஆவடியில் எழுந்தது. பின்னர் செயின் செய்யும் தொழிற்சாலையும் அம்பத்தூருக்கு வந்தது. இப்படிச் சைக்கிளின் உறுப்புகளை உருவாக்கிய ஊர்களின் வழியே, ஆவடியிலிருந்து அம்பத்தூர் நோக்கி, ஒரு நாள் சைக்கிளில் பள்ளிக்குப் போய் வருவோமா?

காற்று அடிப்போம்

கிளம்புமுன் டயரை அமுக்கிப் பார்க்கிறோம். காற்று குறைந்திருக்கிறது. பம்பை எடுத்து வேகமாக இருபது முறை அடியுங்கள். பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடுகிறது அல்லவா? உராய்வும் ஓரளவு காரணந்தான். ஆனால் முதன்மையான காரணம் வேறு. காற்றை விரைவாக அழுத்தும்போது, நாம் செய்த வேலை வெப்பமாகி வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது காற்றின் அக ஆற்றலாகச் சேர்ந்து வெப்பநிலையை உயர்த்துகிறது. வெப்ப இயக்கவியல் பாடத்தில் வரும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு இதுதான்.

டயருக்குள் அழுத்தம் எவ்வளவு? அளவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். தரையில் வரைபடத் தாளை விரித்து, ஈரமாக்கிய டயரை அதன்மேல் நிறுத்துங்கள். நண்பர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்காருங்கள். தாளில் பதியும் ஈரத்தடத்தின் வெளிக்கோட்டை வரைந்து, உள்ளே எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணுங்கள். பின்சக்கரத்துக்கு 14, முன்சக்கரத்துக்கு 9 என்று வந்தால் மொத்தம் 23. நீங்களும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் என்றால் எடை ஏறத்தாழ 690 நியூட்டன். எடையைப் பரப்பால் வகுத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 3 இலட்சம் நியூட்டன்! வெளியில் உள்ள வளிமண்டல அழுத்தத்தைவிட டயருக்குள் இவ்வளவு அதிகம். டயரின் விறைப்பும் சிறிது எடையைத் தாங்குவதால் விடை சற்று முன்பின் இருக்கும். ஆயினும் ஒரு தாளையும் கொஞ்சம் தண்ணீரையும் கொண்டு செய்த அளவீட்டுக்கு இது மோசமில்லை.

காற்று குறைந்தால் தடம் பெரிதாகும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அதிகமாக மடங்கி நிமிரும். அதில் ஆற்றல் வெப்பமாக வீணாகும். மிதிப்பது கடினமாவதன் காரணம் இதுவே.

குழாய் ஏன், கம்பி ஏன் இல்லை?

சைக்கிளின் பிரேமை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் என்பது ஒலியிலேயே தெரியும். திடமான கம்பியால் செய்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று தோன்றுகிறதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். வெளிவிட்டம் 28 மில்லிமீட்டர், உள்விட்டம் 25 மில்லிமீட்டர் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அதே அளவு எஃகை அதே நீளமுள்ள திடக் கம்பியாக வார்த்தால் அதன் விட்டம் 12.6 மில்லிமீட்டர்தான் வரும். வளைவதை எதிர்ப்பதில் இந்தக் குழாய் அந்தக் கம்பியைவிடச் சுமார் 9 மடங்கு வலியது! ஒரு தண்டு வளையும்போது மேற்புறம் அமுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது, நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் எஃகை எடுத்து விளிம்பில் வைத்தால் அது உழைக்கும். மூங்கிலும் நெற்பயிரின் தாளும் இந்த உண்மையை நமக்கு முன்பே அறிந்து வைத்திருக்கின்றன.

பெடல் செய்யும் வாணிகம்

இப்போது ஏறி மிதிக்கிறோம். முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் உள்ள பிரீவீலில் 18 பற்கள் என்று கொள்வோம். உங்கள் வண்டியில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் வண்டி சுமார் 5.4 மீட்டர் முன்னேறும். அதற்குள் உங்கள் கால் கடந்த தூரம் எவ்வளவு? பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர் எனில் 1.07 மீட்டர்தான்.

கால் ஒரு மீட்டர் நகர வண்டி ஐந்து மீட்டர் ஓடுகிறது. இது இலவசமா? இயற்கையின் கடையில் இலவசம் கிடையாது! நீங்கள் பெடலை 200 நியூட்டன் விசையோடு மிதித்தால், சாலையில் வண்டியை முன்தள்ளும் விசை ஏறத்தாழ 40 நியூட்டன்தான். விசையை விற்று வேகத்தை வாங்குகிறோம். வேலை என்னும் முதல் மட்டும் கூடுவதில்லை. ஆற்றல் மாறா விதி இதுதான்.

மேம்பாலம் வருகிறது. 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவு என்றால், நம் 690 நியூட்டன் எடையில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 23 நியூட்டன், பின்னோக்கி இழுக்கும். அதை வெல்ல, பெடலில் அதைப்போல் ஐந்து மடங்கு கூடுதலாக மிதித்தாக வேண்டும். உடனே எழுந்து நின்று மிதிக்கிறோம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். கிராங்க் நேர்செங்குத்தாக நிற்கும் நொடியில் உங்கள் முழு எடையையும் வைத்து அழுத்தினாலும் வண்டி நகராது. கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போதுதான் முழுப்பலன். திருப்பு விசை என்பது விசையை மட்டும் பொறுத்ததன்று, அது செயல்படும் கோணத்தையும் பொறுத்தது என்று படித்த சூத்திரத்தை உங்கள் முழங்கால் உணர்ந்துவிட்டது!

உராய்வு நண்பனா, பகைவனா?

தேர்வில் அடிக்கடி தடுமாற வைக்கும் கேள்வி ஒன்று. மிதித்து ஓட்டும்போது சைக்கிளின் சக்கரங்களில் உராய்வு எத்திசையில் செயல்படும்?

பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது; ஆகவே தரை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. நம்மைப் பள்ளிக்கு இட்டுச் செல்வதே இந்த உராய்வுதான். முன்சக்கரமோ வெறுமனே இழுத்துச் செல்லப்படுகிறது. அங்கே உராய்வு பின்னோக்கி அமையும். ஆக ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், இரு திசைகளில் உராய்வு!

நழுவாமல் உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிப் புள்ளி வண்டியைப்போல் இரு மடங்கு வேகத்தில் செல்கிறது. நம்ப முடியவில்லையா? சாலையோரம் நின்று, கடந்து செல்லும் சைக்கிளின் சக்கரத்தைப் பாருங்கள். கீழ்ப்பக்கக் கம்பிகள் ஓரளவு தெளிவாகத் தெரியும். மேற்பக்கக் கம்பிகள் மங்கிக் கலந்துவிடும்.

உயிர் காக்கும் ஒரு சூத்திரம்

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஓரமாகப் போகிறோம். திடீரென ஒருவர் குறுக்கே வருகிறார். பிரேக்!

ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த 0.7 நொடி ஆகிறது என்று கொள்வோம். பின்னர் வண்டி நொடிக்கு நொடி 2.5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர். கை அழுத்துமுன் ஓடிய தூரம் 3.5 மீட்டர், அழுத்திய பின் 5 மீட்டர், மொத்தம் 8.5 மீட்டர். வேகம் 27 கிலோமீட்டரானால்? 5.25-உம் 11.25-உம் சேர்ந்து 16.5 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதே காரணம்.

மழைக்காலத்தில் ரிம்மில் நீர் படர்ந்து பிரேக் கட்டை வழுக்கும். பிரேக்கின் பலன் பாதியாகக் குறைந்தது என்று வைத்தால், அதே 27 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கச் சுமார் 28 மீட்டர் தேவை. இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது! பேருந்தை ஒட்டியே விரைந்து செல்லும் நண்பரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆயிரம் அறிவுரைகளைவிட அது பலன் தரும்.

இன்னொன்று. வேகம் குறையும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு மாறுகிறது. முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்து நாம் தலைகுப்புற விழலாம். பின்பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டையும் சேர்த்துச் சீராகப் பிடிப்பதே முறை.

இருட்டில் திரும்பும்போது

பழைய சைக்கிள்களில் டயரை உரசிச் சுழலும் டைனமோ ஒன்று இருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். டைனமோவைச் சாய்த்துவிட்டால் மிதிப்பது கனக்கும் என்பார்கள். உரசல் ஒரு காரணம். மற்றொன்று இன்னும் சுவையானது. காந்தம் சுழலக் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமோ தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் சந்திக்கும் லென்ஸ் விதி இதுவே. எதிர்ப்பு இல்லையேல் மிதிக்காமலே விளக்கு எரிய வேண்டும். அது நடவாத காரியம்.

விடை முடியாத கேள்வி

வீடு வந்துவிட்டோம். இறங்குமுன் கடைசியாக ஒரு கேள்வி. நிற்கும் சைக்கிள் விழுகிறது. ஓடும் சைக்கிள் ஏன் விழுவதில்லை?

சுழலும் சக்கரங்களின் கோண உந்தமே காரணம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். இங்கிலாந்தின் டேவிட் ஜோன்ஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரம் ஒன்றைப் பொருத்திக் கோண உந்தத்தின் விளைவை நீக்கினார். அப்போதும் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது! 1970-இல் இதை எழுதிய அவர், முன்சக்கரம் தரையைத் தொடும் இடமும் ஹேண்டில் பாரின் சாய்வும் சேர்ந்த அமைப்பே முக்கியம் என்றார். 2011-இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இவ்விரு காரணங்களையும் நீக்கி ஒரு சிறு வண்டியைச் செய்தனர். போதிய வேகத்தில் தள்ளிவிட்டதும் அதுவும் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடியது. சாயும் பக்கமாகவே முன்சக்கரம் திரும்புவதால் வண்டி நிமிர்கிறது என்பது தெளிவு. ஆனால் எந்த அமைப்பு இருந்தால் அது தானாக நிகழும் என்பதற்கு ஒரே வரியில் விடை கிடைக்கவில்லை. நாள்தோறும் ஓட்டும் சைக்கிளிலேயே ஆராய இன்னும் இடமிருக்கிறது!

வரும் ஞாயிறன்று பள்ளி மைதானத்துக்கு வண்டியோடு வாருங்கள். சாலையில் வேண்டாம். 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுங்கள். சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளவிடுங்கள். நான்கைந்து வேகங்களில் செய்து, வேகத்தின் இருமடியையும் தூரத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் வந்து அமரும். பிறகு அந்தச் சூத்திரத்தை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களுள் நீங்களும் ஒருவர் ஆகிவிடுவீர்கள்.