பாட்டி வேஷம்

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி எஸ். என். லட்சுமி காலமானார் என்ற செய்தி உத்திரமேரூரை அடுத்த எங்கள் கிராமத்துக்கு வந்தபோது, அந்தப் பெயரை அறிந்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் இலர். "சரவணன் மீனாட்சியில வருமே, அந்தப் பாட்டி" என்று யாரோ விளக்கிய மறுகணமே, களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சொந்த வீட்டில் துக்கம் நேர்ந்தாற்போல் உச்சுக்கொட்டினார்கள். பெயர் தெரியாமல் முகம் மட்டும் தெரிந்த அந்த அபூர்வமான கீர்த்தியைச் சம்பாதிக்க அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வேஷம் என்பது நெடுங்காலம் ஆண்களின் சொத்தாகவே இருந்து வந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாட்களில், முகவீணையும் மிருதங்கமும் முழங்க, அரிதாரம் பூசிய முகத்தோடு இரவெல்லாம் சபையில் நியாயம் கேட்டுக் கதறிய பாஞ்சாலி, பொழுது விடிந்ததும் சவுரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்த காட்சியைச் சிறுவனாயிருந்தபோது கண்டு நான் திகைத்து நின்றதுண்டு. நகரத்து நாடகங்களிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியைப் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய சபையும் அதையொட்டிப் பெருகிய பாய்ஸ் கம்பெனிகளும் குரல் உடையாத சிறுவர்களுக்கே சேலை கட்டி ஸ்திரீ பார்ட் கொடுத்து வந்தன.

அந்த வழக்கம் தளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், விருதுநகரை அடுத்த சென்னல்குடியில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த லட்சுமி சிறு வயதிலேயே ஊரைவிட்டு வந்து மேடையேறினார். ஜெமினியின் 'சந்திரலேகா' 1948-இல் வெளிவந்தபோது, அதன் பிரம்மாண்டமான முரசு நடனத்தில் ஆடிய பெண்களுள் அவரும் ஒருவர். அத்தனை முரசுகளுக்கு நடுவே அவரை யார் கண்டார்கள்! கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவும் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. முழு நாடகத்தையும் பாடம் பண்ணி, தன் வசனத்தோடு எதிராளியின் வசனத்தையும் மனத்தில் தேக்கிக்கொண்டு, கடைசி வரிசையில் தரை டிக்கெட்டு வாங்கி அமர்ந்தவனின் காதிலும் விழும்படி குரலை எறிகின்ற வித்தை அங்கே கற்றதுதான்.

இளமையிலேயே அவரை முதுமை பிடித்துக்கொண்டது. 1964-இல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் அவர் நாகேஷுக்குத் தாயானார்; மகனாக நடித்தவருக்கும் அவருக்கும் வயதில் சில ஆண்டுகளே வித்தியாசம் என்பதைப் படம் பார்த்து அழுத ஜனங்களில் எவரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். கதாநாயகி ஸ்தானத்தை அவருக்கு யாரும் அளிக்கவில்லை. அளிக்காததனாலேயே அவருடைய தொழில் வாழ்க்கை நீடித்தது என்பது என் அபிப்பிராயம், ஏனெனில் நாயகிகளுக்கு வயதாகிவிடுகிறது, பாட்டிக்கோ ஆக ஆகத்தான் மவுசு. 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கை நீளமான பாட்டியாக வந்து சிரிக்க வைத்த அதே அம்மாள், 1994-இல் 'மகாநதி'யிலும் 2004-இல் 'விருமாண்டி'யிலும் வேறு வேறு மண்ணின் கிழவிகளாக நின்றதைப் பார்த்தவர்கள், பாட்டி என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை மனுஷிகள் அடங்குவர் என்று அறிந்திருப்பார்கள்.

சன் தொலைக்காட்சியில் 1999-இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர் சாயங்காலங்களின் நடைமுறையே மாறிப்போயிற்று. அடுப்பு வேலை தொடருக்கு முன்பே முடிந்தது, பாரதக் கூத்துக்குக்கூடக் கூட்டம் தொடர் முடிந்த பிறகே சேர்ந்தது. சின்னத்திரையின் இலக்கணமோ மேடைக்கு நேர்மாறானது. வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுச் சொல்லிக்கொண்டே போவார். கேமராவோ மூக்கு நுனி வரை வந்து நிற்கும். குரலை எறிந்தே பழகிய நாடகக்காரர் பலர் இங்கே கத்திக் கெட்டார்கள். லட்சுமி, 2011-இன் இறுதியில் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யில் சில மாதங்களே நடித்தாராயினும், தாழ்ந்த குரலில் அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவதுபோலப் பேசினார்.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-இல் ஆரம்பித்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி ஆண் வேஷத்திலேயே ஆடினார்கள்.

சிறு வயதில் என்னைத் திகைக்கவைத்த அந்தப் பாஞ்சாலி, லட்சுமி இறந்த சமயத்தில் பல்லெல்லாம் போய், பேரன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். செய்தியைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தம்மா குந்தறப்ப கவனிச்சியா தம்பி?" என்று கேட்டார். "மொதல்ல கை தரையைத் தேடும். அப்பறந்தான் ஒடம்பு எறங்கும். நாப்பது வருஷம் பொம்பள வேஷம் கட்னேன், குந்தி வேஷம்கூடக் கட்டியிருக்கேன். அந்தக் கை எனக்குத் தோணவே இல்ல."